ஆயிரம் அடிக்குள்

கென்டக்கியின் கிழக்கு மலைகளுக்கு நடுவே, ஓடையை ஒட்டிப் போகும் ஒற்றைச் சாலையில் ஆர்வெல்லா ஸ்லோனின் வீடு. காலை ஐந்தரைக்கு அவள் சமையலறையில் விளக்கு எரிந்தால், அந்தப் பள்ளத்தாக்கில் ஆறு பெண்கள் நிம்மதியாக வேலைக்குப் போகலாம். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் துடைத்துவிடப் போகிறவள், மலை உச்சிச் சிறையில் காவல் நிற்கப் போகிறவள், கடைத்தெருவில் கோழி வறுக்கப் போகிறவள் என்று வரிசையாக வருவார்கள். தூக்கம் கலையாத பிள்ளையைப் போர்வையோடு சுருட்டி அவள் தோளில் சாய்த்துவிட்டு, எஞ்சினை அணைக்காமல் விட்டு வந்த காருக்கு ஓடுவார்கள். பத்தொன்பது வருடமாக இப்படித்தான்.

அவளுக்குச் சொந்தப் பிள்ளை தங்கவில்லை. மூன்று முறை உண்டாகி மூன்றும் கலைந்து போயின. புருஷன் வெர்னன் சுரங்கத்தில் இருபத்திரண்டு வருடம் கரித்தூசியைச் சுவாசித்தவர். நுரையீரல் கல்லாகி, மூக்கில் குழாயோடு நாற்காலியில் உட்கார்ந்தபோது, அவரை விட்டு வெளியே போகாமல் செய்யக்கூடிய வேலை எது என்று யோசித்துத்தான் ஆர்வெல்லா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள். வெர்னன் போனார். வேலை மட்டும் தொடர்ந்தது. எந்தப் பிள்ளை கடிக்கும், எது அழுதால் பசி, எது அழுதால் அப்பன் வீட்டில் கை நீட்டியிருக்கிறான், எல்லாம் அவளுக்குத் தெரியும். புதிதாகச் சேரும் ஒவ்வொரு பிள்ளையையும் முதல் நாளே மடியில் உட்கார வைத்து ஒன்றைச் சொல்லித் தருவாள்: "நம்ம வீட்டுல ரகசியமே கிடையாது. யாராவது அம்மாகிட்டச் சொல்லாதேன்னு சொன்னா, அதைத்தான் மொதல்ல போய் அம்மாகிட்டச் சொல்லணும்."

குளிர்பெட்டிக்குப் பக்கத்துச் சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு அவளுடைய லைசென்ஸ் தொங்கியது. வருடத்துக்கு ஒரு தடவை லைசென்ஸ் ஆபீஸிலிருந்து ஒரு பெண்மணி வந்து, குழாய்த் தண்ணீரின் சூட்டைப் பார்த்து, மருந்து அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்த்து, கடைசியில் பேனாவைத் திறப்பார். "வீட்டுல பதினெட்டு வயசுக்கு மேல யார் யாரு இருக்கீங்க?" பதினெட்டைத் தாண்டிய ஒவ்வொருவரும் கைரேகை கொடுக்க வேண்டும். வெர்னன் போன பிறகு ஆர்வெல்லா படிவத்தில் தன் பெயரை மட்டும்தான் எழுதிவந்தாள். அதன் கீழே பொடி எழுத்தில் இன்னொன்றும் இருந்தது. பாலியல் குற்றவாளிகள் பதிவேட்டில் பெயர் உள்ள யாரும் இந்த வீட்டிலோ, இதிலிருந்து ஆயிரம் அடிக்குள்ளோ குடியிருக்கக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் வாசலை மிதிக்கக் கூடாது. சோப்பு உறையில் இருக்கிற எழுத்தைப் படிக்காத மாதிரி அதையும் படிக்காமல்தான் வருடா வருடம் கையெழுத்துப் போட்டாள்.

அவள் தம்பி டெல்மருடைய பெயர் அந்தப் பதிவேட்டில் இருந்தது.

டெல்மர் அவளுக்குப் பதினோரு வயது இளையவன். அம்மா துணி ஆலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் தூக்கிச் சுமந்தவள் ஆர்வெல்லாதான். பிழைக்க ஓஹியோ மாநிலத்துக்குப் போனான். அங்கே பக்கத்து வீட்டுச் சிறுமி விஷயமாகப் பிடித்துக்கொண்டு போய் ஒன்பது வருடம் போட்டார்கள். வீட்டில் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள்: அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கும் இவனுக்கும் ஏதோ தகராறு, அவள் ஜோடித்துவிட்டாள். ஆர்வெல்லா அதை நம்பினாள். வழக்குக் காகிதங்களைக் கேட்டு வாங்கிப் படித்திருக்கலாம். படிக்கவில்லை.

விடுதலையாகி ஊருக்கு வந்தவன் உள்ளூர்ப் போலீசான ஷெரீப் ஆபீஸில் பெயரைப் பதிந்துகொண்டு, மூத்த அண்ணன் கார்ல்டன் வீட்டுக்குப் பின்னால், மேட்டில் நிறுத்தியிருந்த பழைய டிரெய்லர் வண்டி வீட்டில் தங்கினான். அந்த விலாசம்தான் பதிவேட்டில் இருந்தது. அடுத்த ஜனவரியில், ஓடையே உறைந்து போன ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்ததும் கார்ல்டன் நேராக ஆர்வெல்லாவின் வீட்டுக்கு வந்தார். சபையில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவர். கோட்டைக்கூடக் கழற்றாமல் சமையலறையில் உட்கார்ந்தார்.

"டெல்மருக்கு இடம் வேணும், ஆர்வி. டிரெய்லர்ல குழாய் வெடிச்சுப் போச்சு. உள்ள மனுசன் இருக்க முடியாது."

"உன் வீட்டுக்குள்ள கூட்டிக்க வேண்டியதுதானே அண்ணே? மூணு ரூம் சும்மா கெடக்கு."

கார்ல்டன் கையிலிருந்த தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சும்மா எங்க கெடக்கு? மக மறுபடியும் போதை மாத்திரைன்னு போயிட்டா. பேத்திங்க ரெண்டும் இப்ப எங்ககூடத்தான் இருக்குதுங்க. அதுங்க இருக்கிற வீட்டுல அவனை வெச்சா... நல்லாருக்காதுல்ல?"

"என் வீட்டுல ஆறு இருக்கு அண்ணே."

"அதுங்க சாயங்காலம் போயிடுதுல்ல? உன் வீட்டுக் கீழறைக்குத்தான் தனி வாசல் இருக்கே. விடிய முன்னாடி போயிடுவான், பிள்ளைங்க போன பெறகு வருவான். யாருக்குத் தெரியப் போகுது? நம்ம ரத்தத்தைக் குளிர்ல சாக விடச் சொல்றியா?"

அண்ணன் சொன்னதன் அர்த்தம் அவளுக்கு அப்போதே உறைத்தது. தன் பேத்திகளுக்கு ஆகாதவனை இவர் பிறத்தியார் பிள்ளைகள் நடுவே கொண்டுவந்து விடப் பார்க்கிறார். உறைத்தும் வாயைத் திறக்கவில்லை. வெளியே காரில் டெல்மர் உட்கார்ந்திருந்தான். கண்ணாடியில் அவன் மூச்சு வெள்ளையாகப் படிந்து கொண்டிருந்தது.

உள்ளே வந்தவன் அவள் சுட்டு வைத்திருந்த பிஸ்கட் என்ற மெத்து ரொட்டியைக் குழம்பில் தோய்த்து வாயில் வைத்ததும் அழுதுவிட்டான். முன்பல் இரண்டு போயிருந்தது. நாற்பத்து மூன்று வயதுக்கு அறுபது மாதிரி இருந்தான். "இந்த ருசிய நெனச்சுக்கிட்டேதான் அக்கா அங்க படுத்திருப்பேன்" என்றான். ஆர்வெல்லா எழுந்து போய்க் கீழறைக் கட்டிலுக்கு விரிப்பு எடுத்தாள்.

ஐந்து வாரம் சொன்னபடி நடந்தது. ஐந்து மணிக்குள் டயர் கடைக்குப் போய்விடுவான். ஆறரைக்கு மேல்தான் திரும்புவான். பிறகு கடைக்கு வந்த யாரோ கம்ப்யூட்டரில் அவன் பெயரையும் படத்தையும் பார்த்துவிட்டுச் சொல்ல, முதலாளி அன்றைக்கே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார். பிப்ரவரிக் குளிரில் பகலெல்லாம் எங்கே போவான்? "கீழேயே இரு. வெளிச்சம் போடாதே. பிள்ளைங்க இருக்கிறப்ப மூச்சுக் காட்டாதே" என்றாள் ஆர்வெல்லா. மேலே ரேடியோவைச் சத்தமாக வைக்க ஆரம்பித்தாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு வேளையில் தரைக்கு அடியிலிருந்து இருமல் கேட்டது. ஆறு பிள்ளைகளும் கரண்டியை நிறுத்தினார்கள்.

"மிஸ் ஆர்வி, கீழ யாரு இருமுறா?"

"வீட்டைச் சூடு பண்ற மெஷின்டா. அதுக்கு வயசாயிடுச்சு, அப்படித்தான் கனைக்கும்."

பிள்ளைகளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. ஒரு வாரம் எல்லாம் மெஷின் மாதிரி இருமிக்கொண்டு திரிந்தன. ஆர்வெல்லாவும் கூடச் சேர்ந்து சிரித்தாள். மறுநாளிலிருந்து ரேடியோவை இன்னும் சத்தமாக வைத்தாள்.

அடுத்தது கேலா. ஐந்து வயது, நெற்றியில் விழும் செம்பட்டை முடி, கேள்வி கேட்டுக் குடைகிற பிள்ளை. அவள் அம்மா ஷவானாவும் அந்த வீட்டில் வளர்ந்தவள்தான். ஆர்வெல்லாவிடம் முதலில் சேர்ந்த பிள்ளைகளில் ஒருத்தி. குளியலறை ஜன்னல் வழியாகக் கேலா பின்முற்றத்தில் டெல்மரைப் பார்த்துவிட்டாள்.

"மிஸ் ஆர்வி, பின்னாடி ஒரு ஆளு நிக்கிறாரு!"

"குழாய் ரிப்பேர் பண்ண வந்தவரும்மா." ஆர்வெல்லா குனிந்து பிள்ளையின் காலணிக் கயிற்றைக் கட்டுவது போல முகத்தை மறைத்துக்கொண்டாள். "வீட்டுல போய்ச் சொல்லிட்டிருக்காதே, என்ன? குழாய் உடைஞ்சிருச்சுன்னு அம்மா கவலைப்படுவா."

கேலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். "அது ரகசியமா?"

"சின்ன ரகசியம்."

மார்ச் மாதம், ஒரு புதன்கிழமை. சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் படுக்க வைக்கும் நேரம். கேலாவுக்கு முடி பின்னிக்கொண்டிருந்தாள் ஆர்வெல்லா. பிள்ளையின் சட்டைப் பையில் ஏதோ கட்டியாகத் தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால், வெள்ளைச் சோப்பில் செதுக்கிய கட்டை விரல் அளவு குதிரை. பிடரி மயிர்கூடத் தனித்தனியாகத் தெரிந்தது. சிறையில் கற்றுக்கொள்கிற வேலை.

"இதை யாரும்மா குடுத்தா?"

கேலா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்கிட்டச் சொல்ல மாட்டியா?"

"உங்ககிட்டதான் சொல்லவே கூடாது." கைக்கு நடுவிலிருந்து குரல் வந்தது. "சொன்னா போலீஸ் வந்து உங்களப் புடிச்சிட்டுப் போயிடும். அப்புறம் எங்களுக்கு மிஸ்ஸே இருக்க மாட்டாங்க."

"யாரு சொன்னா அப்படி?"

"குழாய்க்காரர். வெளிய வெளையாடறப்ப வேலிகிட்ட வந்து பேசினாரு. நீங்க பாப்பாவுக்கு டயப்பர் மாத்தப் போனீங்கள்ல, அப்ப." கேலாவின் கண்ணில் நீர் கட்டிவிட்டது. "கீழ ஒரு பெட்டி நெறையக் குதிரை இருக்காம். வெள்ளிக்கிழமை எல்லாரும் தூங்கறப்ப நான் மட்டும் வந்து பாக்கலாம்னாரு. நான் சொல்லிட்டேனே, இப்ப உங்களப் புடிச்சிட்டுப் போயிடுவாங்களா?"

ஆர்வெல்லா குதிரையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பாப்பாவுக்கு டயப்பர் மாற்ற நான்கு நிமிடம் ஆகும். அந்த நான்கு நிமிடத்தை அவன் கீழே படுத்துக் கேட்டுக்கேட்டுக் கணக்குப் போட்டிருக்கிறான். ரகசியம் என்ற சொல்லை அவன் புதிதாகக் கொண்டுவரவில்லை. அவள் தன் வாயால் பிள்ளைக்குக் கொடுத்ததை எடுத்து, அதற்கு மேல் ஒன்றை அடுக்கியிருக்கிறான்.

"நீ சொன்னதுதான் சரி" என்றாள். பிள்ளையைத் தன் பக்கம் திருப்பி உட்கார வைத்தாள். "நான்தான் அன்னைக்குத் தப்பாச் சொன்னேன். மிஸ் பண்ணினது தப்பு. நீ ஒண்ணுமே பண்ணல. தூங்கு."

ஆறும் கண் மூடும்வரை காத்திருந்தாள். பிறகு கீழறைக்கு இறங்கும் உள்கதவைத் திறந்தாள். படிக்கட்டின் அடியில் டெல்மர் நின்றிருந்தான். மேலே பேசியது கேட்டிருக்கும்.

"பிள்ளை வேலிகிட்டத் தனியா நின்னுச்சு அக்கா. பாவமா இருந்துச்சு. ஒரு பொம்மை குடுத்தேன், அவ்வளவுதான்."

"வெள்ளிக்கிழமை வரச் சொன்னியே, எதுக்கு?"

அவன் பார்வையைச் சுவர்ப் பக்கம் திருப்பினான்.

"எதுக்குடா வரச் சொன்ன?"

"யோசிச்சுப் பேசு அக்கா." பிஸ்கட்டுக்குக் கை நீட்டும்போது வருகிற அதே பணிவான குரல். "நான் உள்ள போனா நீயும்தான் மாட்டுவ. சுவத்துல மாட்டியிருக்கியே, அதைக் கழட்டிட்டுப் போயிருவாங்க. இந்தப் பிள்ளைங்க யாரும் இந்த வாசல் ஏறாது. நான் இன்னைக்கே வேணா போயிடறேன். நடந்தது நமக்குள்ள இருக்கட்டும்."

ஒரு கணம், போகட்டும் என்றுதான் அவளுக்கும் தோன்றியது. போனால் எங்கே போவான், அங்கே வேலிக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளை நிற்கும் என்ற நினைப்பு வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். சாப்பாட்டு நாற்காலியை இழுத்துக் கதவோடு சேர்த்துப் போட்டு அதில் உட்கார்ந்து, முதலில் ஷவானாவைக் கூப்பிட்டாள். "கேலாவுக்கு ஒண்ணும் ஆகல. ஆனா ஒடனே வா" என்று மட்டும் சொன்னாள். அடுத்து ஷெரீப் ஆபீஸ்.

"நான் ஆர்வெல்லா ஸ்லோன். பிள்ளைங்களப் பாத்துக்கிறவ. பதிவேட்டுல பேர் இருக்கிற ஒரு ஆளு என் கீழறையில இருக்கான். மேல ஆறு பிள்ளைங்க தூங்குதுங்க."

"உடைச்சுக்கிட்டு உள்ள வந்துட்டானாம்மா?"

"இல்ல. நான்தான் இருக்க விட்டேன். ரெண்டு மாசமா."

எதிர்முனையில் பேனா ஓடும் சத்தம் கேட்டது. "கதவப் பூட்டி வைங்கம்மா. வண்டி ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கு. கொஞ்சம் நேரமாகும்."

நாற்பது நிமிடம் ஆனது. கதவுக்கு முதுகு கொடுத்து அவள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு முறை பின்னாலிருந்து மெல்லத் தட்டும் சத்தம் வந்தது. "அக்கா" என்று ஒரு தடவை கேட்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. அவள் எதிரே பிள்ளைகள் சின்னக் கட்டில்களில் வாய் பிளந்து தூங்கின. கீழறையின் வெளிவாசல் திறந்துதான் இருந்தது, அவன் ஓடவில்லை. ஷெரீப் ஆபீஸிலிருந்து வந்த டெபுடி ராட்லிஃப் போய்ப் பார்த்தபோது, விரிப்பை ஒழுங்காக மடித்து வைத்துவிட்டு, பூட்ஸைப் போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தான்.

ஷவானா ஆஸ்பத்திரிச் சீருடையோடு ஓடி வந்தாள். மகளைப் போர்வையோடு வாரி எடுத்துத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள். பிறகு திரும்பினாள்.

"எத்தனை நாளா?"

"ஜனவரியில இருந்து."

"நான் தெனம் காலையில பிள்ளைய உங்க கையிலதான குடுத்தேன்? அப்ப அவன் இதே வீட்டுல படுத்திருந்தானா?"

"ஆமா."

"நான் உங்க மடியில வளந்தவ, மிஸ் ஆர்வி! ரகசியம் கூடாதுன்னு எனக்குச் சொல்லிக் குடுத்ததே நீங்கதானே!"

ஆர்வெல்லா கேலாவின் காலணிகளை எடுத்து நீட்டினாள். ஷவானா போன பிறகு மற்ற ஐந்து வண்டிகளும் ஒவ்வொன்றாக வந்தன. யாரும் அவளைத் திட்டவில்லை. பிள்ளைகளின் மாற்றுத் துணிகளையும் பல்துலக்கியையும்கூடக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். மறுநாள் லைசென்ஸ் ஆபீஸ் பெண்மணி வந்து லைசென்ஸைச் சட்டத்தோடு சுவரிலிருந்து கழற்றினார். வருடா வருடம் அவள் போட்ட காபியைக் குடித்தவர். அன்று தண்ணீர்கூட வேண்டாம் என்றார்.

பக்கத்து மாவட்டத்தில் பிள்ளைகளிடம் பக்குவமாகப் பேசத் தெரிந்தவர்கள் கேலாவிடம் பேசினார்கள். அவன் அவளைத் தொட்டதில்லை, வேலிக்கு அந்தப் பக்கம் நின்று நான்கு தடவை பேசினான் என்று தெரிந்தது. வெள்ளிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்திருக்கிறது.

வழக்கு ஜூனில் வந்தது. பொய் விலாசம் கொடுத்தது, தடுத்த தூரத்துக்குள் குடியிருந்தது, பிள்ளையை ஆசை காட்டி அழைத்தது என்று டெல்மர் மேல் மூன்று குற்றம். அரசு வக்கீல் ஓஹியோ வழக்கிலிருந்து ஒரு பக்கத்தை எடுத்து வாசித்தார். ஏழு வயதுச் சிறுமி அன்றைக்குச் சொன்ன வாக்குமூலம். "வெளியே சொன்னால் அம்மாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று அவர் சொன்னார். அதனால்தான் நான் ரொம்ப நாள் சொல்லவில்லை." ஆர்வெல்லா பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் காகிதம் பதினோரு வருடமாக இருந்திருக்கிறது.

அவனுக்கு எட்டு வருடம் விழுந்தது. விலங்கோடு போகும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. வெளியே படியில் கார்ல்டனை நிறுத்தினாள்.

"அண்ணே, ஓஹியோ கோர்ட்டுக்கு நீ போயிருந்தியே. இதை அன்னைக்கு வாசிச்சாங்களா?"

கார்ல்டன் கார்ச் சாவியை எடுத்தார். "வாசிச்சாங்க."

"தெரிஞ்சே என் வீட்டுக்கு அனுப்பினியா?"

"நீ கண்ணுல வெளக்கெண்ணெய் விட்டுக்கிட்டுப் பாத்துப்பன்னு நெனச்சேன். பிள்ளைங்க விஷயத்துல ஒன்னை விட்டா யாருக்குத் தெரியும்?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஆனாலும் கூடப் பொறந்தவன நீ போன் போட்டுப் புடிச்சுக் குடுத்திருக்கக் கூடாது, ஆர்வி. என்கிட்டச் சொல்லியிருந்தா கமுக்கமா வேற எங்கயாவது அனுப்பியிருப்பேன்."

"அனுப்பியிருப்ப" என்றாள் அவள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசியது. கார்ல்டன் இன்னும் சபையில் தட்டு ஏந்துகிறார். ஆர்வெல்லா போனபோது அந்த வரிசையில் இடம் விட்டு உட்கார்ந்தார்கள். அதனால் அவள் போவதை நிறுத்திவிட்டாள்.

அவள் தன் மேல் இருந்த குற்றத்தை ஒப்புக்கொண்டாள். இரண்டு வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு. ஆயுசுக்கும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் எந்த வேலையிலும் இருக்கக் கூடாது. பிள்ளைகளை ஆபத்தில் விட்டவர்கள் என்று சர்க்கார் வைத்திருக்கிற இன்னொரு பட்டியலில் அவள் பெயரும் ஏறியது. அரசாங்கம் ஏற்பாடு செய்த வக்கீல், "தகவல் சொன்னதே நீங்கதான், அதைக் காட்டிக் குறைக்கச் சொல்லிப் பாக்கலாம்" என்றார். "வேணாம்" என்றாள். "அந்தப் பிள்ளை வாயத் தொறந்ததாலதான் நான் சொன்னேன். அது பேசாம இருந்திருந்தா?"

ஷவானாவை அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை பார்த்தாள். இலையுதிர் காலத்தில், மளிகைக் கடையில், மாவு அடுக்கியிருக்கும் சந்தில். ஷவானா தள்ளுவண்டியைத் திருப்பப் போனாள், பிறகு நின்றாள்.

"நீங்கதான் போன் பண்ணினீங்கன்னு டெபுடி சொன்னாரு."

"ம்."

"அவ இன்னும் உங்களக் கேக்கறா. தன்னாலதான் உங்களுக்கு இப்படி ஆச்சுன்னு அழறா. எத்தனை சொன்னாலும் அவளுக்குப் புரியல." ஷவானாவின் தாடை இறுகியது. "நீங்க செஞ்சதுக்கு நன்றி சொல்லணும்னு சில நாள் தோணுது. வாய் வரல. வராது."

"வர வேணாம்மா" என்றாள் ஆர்வெல்லா. "அவகிட்ட மட்டும் சொல்லு, அவ செஞ்சது சரின்னு நான் சொன்னேன்னு."

"நான் சொல்ல மாட்டேன். உங்க பேரை வீட்டுல எடுக்கறதே இல்ல." வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

இப்போது அவளுக்கு ஐம்பத்தேழு வயது. ஊருக்கு வெளியே உள்ள முதியோர் இல்லத்தில் சலவைக்கூடத்தில் வேலை. மூத்திர நாற்றம் அடிக்கிற விரிப்புகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து, காய வைத்து மடித்து, வண்டியில் ஏற்றி ஒவ்வொரு அறையாகக் கொண்டுபோய் வைக்க வேண்டும். போன வருடம் அந்த இல்லத்தில் வேலை பார்ப்பவர்களின் பிள்ளைகளுக்காகக் கிழக்குத் தாழ்வாரத்தில் ஓர் அறையை ஒதுக்கினார்கள். மேலாளர் பெண் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, வார்த்தைகளைத் தேடித் தேடிப் பேச ஆரம்பித்தார். ஆர்வெல்லாவே முடித்து வைத்தாள்: "அந்தப் பக்கம் நான் வர மாட்டேன்மா."

மேற்குப் பகுதிக்குப் போக அந்தத் தாழ்வாரம்தான் குறுக்கு வழி. அவள் கட்டடத்தைச் சுற்றி, குப்பைத் தொட்டிகளைத் தாண்டி, கரடுமுரடான சிமெண்டுப் பாதையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறாள். மழை நாளில் விரிப்புகள் மேல் பிளாஸ்டிக் தாளைப் போட்டு மூடுவாள். தனக்குக் குடை பிடிக்கக் கை இருக்காது.

புதிதாகச் சேர்ந்த ஒருத்தி ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு ஒரு நாள் கேட்டாள். "ஏன் இப்படி நனையறீங்க? உள்ள வழியே போலாமே?"

"எனக்கு அந்த வழி இல்ல" என்றாள் ஆர்வெல்லா.

தலையைத் துடைத்துக்கொண்டு, அடுத்த விரிப்பை எடுத்து மடிக்க ஆரம்பித்தாள்.